மூவாயிரம் வருஷத்து ஆக்கிரமிப்பு

மனிதனாகப் பிறந்தவன் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு ஏதாவது நல்லதாகத் தெரிய வேண்டும். இது எல்லோருக்கும் உள்ள உரிமை. ஆனால் அதற்கென்று தனிக் கட்டணம் செலுத்தியவர்கள் என்ற முறையில், 'ஆவாரம் லேக் வியூ வில்லாஸ்' குடியிருப்போராகிய எங்களுக்கு அந்த உரிமை மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்.

கருமத்தம்பட்டியில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பி, விசைத்தறிச் சத்தம் ஓய்கிற இடம் வரைக்கும் வந்தால் ஆவாரங்குளம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். பனிக்காலத்தில் எங்கிருந்தோ பறவைகள் வரும். இவையெல்லாம் எங்கள் வில்லா விளம்பரத்தில் வண்ணப் படத்தோடு இருந்தன. விளம்பரத்தில் இல்லாதவை இரண்டு. ஒன்று, கிழக்குக் கரையோரம் ஆளுயரக் கற்களை நட்டு வைத்த இரண்டு வட்டங்கள். ஊர்க்காரர்கள் அதைப் பாண்டியன் குழி என்பார்கள். இன்னொன்று, அதை ஒட்டியே இருந்த காலனிக்காரர்களின் இடுகாடு. காலனியில் யாராவது செத்தால் பறையடித்துக்கொண்டு வருவார்கள். பால்கனியில் எனக்குக் காபி இறங்காது.

நான் இந்த வில்லாக்களின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். வாழ்நாள் முழுக்கப் பம்ப்செட் செய்து விற்றவன். இந்த வட்டாரத்தில் பூமிக்கடியில் நிம்மதியாகக் கிடந்த தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டதில் என் மோட்டார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே நீர்நிலைகளைக் காப்பது பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று சங்கத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நானே.

கல்வட்டங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. எட்டுப் போட்டு நடந்தால் சர்க்கரை குறையும் என்று எல்லோருக்கும் வாட்ஸாப்பில் வந்திருந்தது. காலையில் அந்தக் கற்களைச் சுற்றி எட்டுப் போடுவோம். வியர்த்தால் துண்டைக் கல்லின்மேல் காயப்போடுவோம். ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் வந்து பார்த்துவிட்டு, "இவை எழுத்து வருவதற்கு முந்தின காலத்துக் கல்லறைகள், உள்ளே தாழிகளில் எலும்பு இருக்கும், மூவாயிரம் வருஷத்துக்குக் குறையாது" என்று சொல்லிப்போனார்கள்.

மறுநாளிலிருந்து நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டுப் போட்டோம்.

அப்புறம் என்ன, மரபு மோகம் பிடித்து ஆட்டியது. 'முன்னோரைக் காப்போம்' என்று பனியன் அடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வட்டத்தருகே கம்பு தோசையும் சாமைப் பொங்கலும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்து அரிசிச் சோறு தின்றோம். ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கி, அதில் பறவையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம். சங்கத் தலைவர் அரங்கசாமி ஸ்பின்னிங் மில்காரர். அவர் பேசினார்:

"அந்தக் கல்லுக்கடியில படுத்திருக்கறது யாருங்க? நம்ம ரத்தமுங்க! அவிங்க மூக்கும் என்ற மூக்கும் ஒரே மாதிரி இருந்திருக்கும்னு என்ற மனசு சொல்லுதுங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் மூக்கைப் பார்த்தால் அந்தக் காலத்து ஜனங்களின்மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்னோர் விஷயத்தில் பின்தங்க விரும்பாமல், என் தாடையும் அப்படியே என்று நன்றியுரையில் சொல்லிவைத்தேன்.

அதன் பிறகு குளத்தையும் கல்லையும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கும்படி மனுமேல் மனுவாகக் கொடுத்தோம். அரசாங்கம் கௌதமன் என்பவரை அனுப்பியது. அவர் ஈரநிலத் தனி அலுவலர். கூடுதல் பொறுப்பாகத் தொல்மரபுத் தனி அலுவலரும் அவரே. இரண்டு பதவிக்கும் தனித்தனியாக நாற்காலி ஒதுக்கீடு ஆகியிருந்தபடியால், அவர் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. குளத்தைப் பற்றிப் பேசினால் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருப்பார். கல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, சுவர்ப் பக்கத்து நாற்காலிக்குப் போவார். நேர்மையான மனிதர். ஒரு நாற்காலியில் தெரிந்துகொண்டதை மற்ற நாற்காலியில் பயன்படுத்த மாட்டார். கடிதம் எழுதித்தான் தமக்குத் தாமே தெரிவிப்பார். பதில் வரத் தாமதமானால் நினைவூட்டலும் போடுவார்.

அறிவிப்பு வந்தது. கரையில் பெரிய பலகை நட்டார்கள். குளிக்கக் கூடாது, மேய்க்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது. எட்டுப் போடக் கூடாது என்று மட்டும் இல்லை. அதை நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

பலகையைப் பார்த்துவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தவள் மாசாணியம்மாள். எங்கள் வில்லாத் தெருக்களைக் கூட்டுகிறவள். காலனிக்காரி. அவளுடைய புருஷன் ஐயாசாமி போன வருஷம் இறந்து, அந்த இடுகாட்டில்தான் கிடக்கிறான். அவள் என்னைவிட மூத்தவள். நான் அவளை 'வா, போ' என்பேன், அவள் என்னை 'வாங்க, போங்க' என்பாள். கொங்கு நாடு மரியாதைக்குப் பேர்போனது. அந்த மரியாதை கீழிருந்து மேலே தானாகவே ஏறும், அதற்குப் பம்ப்செட் வேண்டியதில்லை.

"ஏனுங் சார், இனிமே அங்க பொதைக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சுப்போட்டாங்களே. என்ற ஊட்டுக்காரரு பக்கத்துல எனக்குன்னு எடம் உட்டு வெச்சிருக்குதுங்க. நாளைக்கு எனக்கொண்ணுன்னா எங்கீங்க கொண்டு போவாங்க? நீங்க ஒரு வார்த்தை அந்த ஆபீசருகிட்டச் சொல்லுங் சார்."

"பார்க்கலாம் மாசாணி" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் 'முடியாது' என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அது அநாகரிகம். 'பார்க்கலாம்' என்போம். பெண் கேட்டு வந்தவருக்கும், கைமாற்றுக் கேட்டு வந்தவருக்கும், ஓட்டுக் கேட்டு வந்தவருக்கும் அதே சொல்தான். கேட்டவர் காபி குடித்துவிட்டு, புரிந்துகொண்டு, கும்பிட்டுப் போவார். மாசாணிக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் போகவில்லை. நான் அலுவலருக்குப் பொன்னாடை போர்த்தக் கிளம்பியபோது, பின்னாலேயே வந்து அந்த அறை வாசலில் நின்றாள்.

கௌதமன் பொன்னாடையோடு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார்.

"பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சடலங்களை அடக்கம் செய்ய அனுமதி இல்லை, அம்மா."

"அந்தக் கல்லுக்குள்ளாற இருக்கறவிங்க மட்டும் சடலம் இல்லீங்களா?"

கல் என்றதும் அவர் எழுந்து சுவர்ப் பக்கத்து நாற்காலிக்கு மாறினார்.

"அவர்கள் தொல்மரபு. இறந்து மூவாயிரம் ஆண்டு ஆனவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தடை இல்லை."

"என்ற ஊட்டுக்காரரு போயி ஒரு வருசந்தானுங்க ஆச்சு. நா இன்னும் சாகவே இல்லீங்க."

"அதனால்தான் இப்போது உங்களுக்குத் தகுதி இல்லை. தடை நிரந்தரமும் இல்லை, கவலைப்படாதீர்கள். நீங்களும் மூவாயிரம் ஆண்டு நிறைந்தபின் விண்ணப்பிக்கலாம்."

"அதுமுட்டும் நா எங்கீங்க படுத்திருக்கறது?"

"அது வேறு துறை" என்றார் அலுவலர்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பொன்னாடையின் ஜரிகையைப் பார்த்தேன். பால்கனியில் இனிக் காபி சூடாக இறங்கும் என்ற நினைப்பு எனக்கு அந்த நேரத்தில் வந்தது. வந்திருக்கக் கூடாது. ஆனால் வந்தது, நன்றாகவும் இருந்தது.

கொஞ்ச நாளில் கல்வட்டத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். அரசாங்கத் தமிழ், ஒரே வாக்கியம், மேலே தொடங்கிக் கீழே வரைக்கும் மூச்சுவிடாமல் ஓடியது. நடுவிலே 'மேற்படி இடத்தில் உள்ளோரின் வாரிசுகள் எவரேனும் இருப்பின் உரிய ஆதாரத்துடன் ஆஜராகலாம்' என்று இருந்தது. நாங்கள் அந்த இடத்தை மட்டும் படித்தோம். முன்னோருக்கு விழா எடுக்கப் போகிறார்கள், வாரிசுகளுக்கு முதல் மரியாதை தரப் போகிறார்கள் என்று அரங்கசாமி சொன்னார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதில் மண்டை உடைந்தது உண்டு. அப்படியிருக்க, மூவாயிரம் வருஷத்துப் பரிவட்டத்தை யாராவது சும்மா விடுவார்களா?

வில்லாவே ஆபீசில் வரிசையில் நின்றது. அரங்கசாமி தம் வம்சாவளியை ஃபிளெக்ஸில் அடித்துக் கொண்டுவந்தார். அதில் அவருடைய தாத்தாவுக்கு மேலே ஒரு அம்புக்குறி, அம்புக்குறிக்கு மேலே கல்வட்டத்தின் படம். நடுவில் இருக்கவேண்டிய ஆட்களுக்கு இடம் போதவில்லை என்றார். ஐ.டி. கம்பெனி மெல்வின் தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கல்லைக் கண்டால் ஒரு ஈர்ப்பு வரும் என்று எழுதிக் கொடுத்தார். நான் என் தாடையைப் பக்கவாட்டில் படமெடுத்து இணைத்தேன். யார் மூத்த வாரிசு என்பதில் எனக்கும் அரங்கசாமிக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று.

விசாரணை நாளன்று கரையில் சாமியானா போட்டிருந்தார்கள். கௌதமனுக்கு இரண்டு நாற்காலி. நாங்கள் பட்டு வேட்டியில் போயிருந்தோம். மாலை வரும் என்று கழுத்தை வாகாக வைத்துக்கொண்டு நின்றோம்.

அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியாக வைத்துக்கொண்டதில் உட்கார்ந்து படித்தார்.

"இந்த இடம் வருவாய்த்துறைக் கணக்குப்படி நீர்நிலைப் புறம்போக்கு. நீர்நிலைப் புறம்போக்கில் கல் நட்டு, குழி எடுத்து, தாழி வைத்து அனுமதியின்றிக் குடியேறியது ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பாளர்கள் உயிரோடு இல்லாதபடியால், அவர்கள் மீதான நடவடிக்கை வாரிசுகள்மேல் வரும். தாமாகவே முன்வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி."

அரங்கசாமியின் ஃபிளெக்ஸ் காற்றில் படபடத்தது.

"சார்" என்றேன் நான். "நீங்கதானுங்களே இதைப் பாதுகாக்கணும்னு அறிவிச்சீங்க?"

"அது அந்த நாற்காலி" என்று காட்டினார். "அவர் பாதுகாக்கும்படி எனக்கு எழுதியிருக்கிறார். அகற்றும்படி நான் அவருக்கு எழுதியிருக்கிறேன். எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு."

"அவிங்க மூவாயிரம் வருஷமா இருக்கறாங்க சார்!"

"வெள்ளைக்காரர் நில அளவை செய்தபோது அவர்கள் நேரில் ஆஜராகி ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. சரி, நடைமுறைக்கு வருவோம். ஆக்கிரமிப்புப் பரம்பரையைச் சேர்ந்தவர்களின் மற்ற சொத்துகளையும் அளந்து பார்ப்பது வழக்கம். நாளைக் காலை வில்லாக்களுக்கு சர்வேயர் வருவார்."

இங்கே ஒரு சிறு விஷயம். ஆவாரங்குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்று இருந்தது. அதன்மேல்தான் எங்கள் வில்லாக்கள் இருக்கின்றன. இது எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று பொதுக்குழுவில் முடிவெடுத்திருந்தோம்.

முதலில் அரங்கசாமிதான் ஃபிளெக்ஸைச் சுருட்டினார். "சார், நாங்க பூர்வீகம் பவானிங்க. ஜமக்காளம் விக்க வந்தவிங்க. இந்த ஊரோட எங்களுக்கு ஒட்டுமில்லீங்க, ஒறவுமில்லீங்க."

"உங்கள் மூக்கு?"

"அது எங்கம்மா வழிங்க சார்."

மெல்வின் தம் குடும்பத்துக்குக் கல் என்றால் அலர்ஜி என்றார். ஒவ்வொருவராக எழுந்து, போன வாரம் மாலை போட்ட முன்னோரை இந்த வாரம் யாரென்றே தெரியாது என்றார்கள். என் முறை வந்தது. என் தாடைப் படம் கோப்பில் இருந்தது. அரைகுறையாக மறுத்தால் மாட்டிக்கொள்வேன் என்று பட்டது. ஆகவே, 'எனக்கு முன்னோர் எவரும் இலர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கௌதமன் வாசித்துப் பார்த்து, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று முத்திரை வைத்து ஒரு நகலும் தந்தார். அவ்வளவு சுலபமாக அப்பனும் தாத்தனும் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"அப்படியானால் வாரிசு யாரும் இல்லை, சர்வேயருக்கும் வேலை இல்லை" என்று அவர் கோப்பை மூடப் போனார். "கற்களை நாளை அகற்றிவிடலாம். பக்கத்து இடுகாட்டையும் சேர்த்து."

"இருங் சார்."

சாமியானாவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்ற மாசாணியம்மாள் உள்ளே வந்தாள். விழா முடிந்ததும் குப்பை கூட்ட வரச் சொல்லியிருந்தோம்.

"அவிங்க எங்காளுங்கதானுங்க சார்."

"ஆதாரம்?"

"வேற யாருங்க சார் ஊருக்கு வெளிய, கொளத்து ஓரமா கொண்டாந்து பொதைப்பாங்க? இவிங்களாட்டம் பெரியவிங்களா இருந்திருந்தா ஊருக்குள்ளாறல்லங்க எடம் புடிச்சிருப்பாங்க. எங்க மாமனாரு இங்கதான். அவங்கப்பாரு இங்கதான். என்ற ஊட்டுக்காரரும் இங்கதான். நடுவுல யாரும் வேற எடத்துக்குப் போகலீங்க. கேசு போட்டா எம்மேல போட்டுக்குங்க. அவிங்களைத் தோண்டி எடுக்காதீங்க."

கௌதமன் வெகுநேரம் எழுதினார். பிறகு கேட்டார்: "ஆக, இடைவெளியில்லாத அனுபோகம். மூவாயிரம் ஆண்டாக. அப்போது குளம் எப்போது வெட்டப்பட்டது?"

கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. "ஆயிரம் வருஷந்தானுங்க சார் ஆகுது! எங்க சங்க மலர்ல நானே கட்டுரை எழுதியிருக்கறேன்!" என்று பெருமையாகச் சொல்லி, புத்தகத்தையும் எடுத்து நீட்டினேன்.

அவர் படித்தார். ஒரு நாற்காலியிலிருந்து மறு நாற்காலிக்குப் போனார். திரும்பி வந்தார். அவர் முகத்தில் முதன்முறையாக இரண்டு துறையும் ஒத்துப்போன நிம்மதி தெரிந்தது.

"அப்படியென்றால் முதலில் வந்தவர்கள் இந்த அம்மாவின் ஆட்கள். பின்னால் வந்தது குளம். ஆக்கிரமித்தது குளம்தான்."

உத்தரவுகள் இரண்டும் அன்றே எழுதப்பட்டன. இடுகாடு, மூவாயிரம் ஆண்டாக விடாமல் நடந்துவரும் தொல்மரபு. அங்கே புதைக்கத் தடையில்லை, புதைக்காமல் விட்டால்தான் விளக்கம் கேட்கப்படும். பறையும் அதில் அடக்கம். இரண்டாவது உத்தரவைக் கொண்டுபோய் மதகில் ஒட்டினார்கள். இடத்தைக் காலி செய்யும்படி குளத்துக்குப் பதினைந்து நாள் அவகாசம்.

நாங்கள் சிரித்தோம். வாட்ஸாப்பில் போட்டுச் சிரித்தோம். ஆனால் அப்போது சித்திரை மாதம். குளம் எங்களைப் போல அல்ல, சட்டத்தை மதிக்கிற குளம். அவகாசம் முடிவதற்குள் மொத்தமாகக் காலி செய்துவிட்டது.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. குளம் திரும்பி வரவில்லை. வருகிற வழியில் நாங்கள் இருந்தோம்; அதுவரை கிடந்தது நாங்கள் வருமுன் நிறைந்த பழைய தண்ணீர்தான். மழைத் தண்ணீர் வில்லா கேட்டுவரைக்கும் வந்து, காவலாளியிடம் நின்று, ரோட்டோடு போய்விட்டது. அந்த வருஷம் பறவைகள் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறெங்கோ போயின. குளத்தைத் திருப்பித் தரும்படி நாங்கள் மனு கொடுத்தோம். அகற்றப்பட்ட ஆக்கிரமிப்பு மறுபடி நுழைந்துவிடாமல் வாய்க்காலின்மேல் உறுதியாக நின்று அரசுக்கு ஒத்துழைத்தமைக்காக எங்கள் சங்கத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டுக் கிளப் ஹவுசில் மாட்டியிருக்கிறோம். எடுத்து எறியவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முகம் இல்லை.

ஜன்னலைத் திறந்தால் வெடித்த சேறு. கிழக்கே கல்வட்டமும் இடுகாடும் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. என் பைனாகுலரில் இப்போது அவைதான் கிடைக்கின்றன. தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, எனக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் அடைப்புக்குக் குழாய் வைத்து அனுப்பினார். அப்போதுதான் முதன்முறையாக யோசித்தேன். எங்கள் வில்லாவில் நீச்சல் குளம் உண்டு, ஜிம் உண்டு, நாய்க்குத் தனி நடைபாதை உண்டு. செத்தால் போக இடம் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியபோது அதை யாரும் கேட்கவில்லை.

காங்கேயத்துப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாவின் சமாதி இருக்கிறது. தோட்டம் இப்போது தம்பி ராசப்பன் பேரில். அவனைக் கூப்பிட்டேன்.

"ராசப்பா, அப்பன் பக்கத்துல எனக்கொரு எடம் உட்டு வைப்பா."

எப்போதும் 'ஏனுங்ணா' என்று ஆரம்பிக்கிறவன்.

"ஏனுங் சார்" என்றான். "உங்களுக்குத்தான் முன்னோரே இல்லைன்னு எழுதிக் குடுத்துப்போட்டீங்களே. முத்திரையோட எனக்கும் வாட்ஸாப்புல வந்துச்சுங்க. எங்கப்பன் பக்கத்துல வெளியாளைப் படுக்க வெச்சா நாளைக்குப் பட்டாவுல சிக்கல் வராதுங்களா?"

போனை வைத்தேன். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. என் தாடை உண்மையில் அவருடைய தாடைதான். அழுகை வந்தது.

சாயங்காலம் கரைக்கு நடந்து போனேன். எட்டுப் போடவில்லை. ஐயாசாமியின் மேட்டைச் சுற்றி மாசாணியம்மாள் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று விட்ட இடம் சுத்தமாகக் கூட்டியிருந்தது. அதைத் தாண்டி நிறைய இடம் இருந்தது. மூவாயிரம் வருஷமாக நெரிசல் இல்லாத இடம்.

"மாசாணியம்மா" என்றேன். அந்த 'அம்மா' எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. "ஒண்ணு கேக்கலாமுங்களா? இப்பிடி ஓரமா, கல்லுக்கு அக்கட்டால ஆனாலும் சரிங்க. எனக்கு ஒரு எடம் கிடைக்குங்களா?"

அவள் செதுக்கியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். புருஷனின் மேட்டைப் பார்த்தாள், கற்களைப் பார்த்தாள். பிறகு கை துடைத்துக்கொண்டு, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னாள்:

"அதுக்கென்னுங் சார். பார்க்கலாமுங்க."